சோதனை இழுப்பு

மார்ச் 4

கிளினிக்கில் நர்ஸ் யோகேஸ்வரி மிஸ்ஸி இந்த நோட்டுப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் சன்னாசியிடம்தான் கொடுத்தார். "அங்கிள், எப்பெப்ப சிகரெட் ஆச வருதோ, தேதி போட்டு எழுதுங்க. அப்ப என்னா செஞ்சீங்கன்னும் எழுதுங்க. ஜூன் பத்துல வரும்போது நான் படிப்பேன், ஆ" என்றார். இவரும் பெரிய மனிதர்போலத் தலையாட்டிவிட்டு வந்து, புத்தகத்தை அரிசி டின்மேல் போட்டுவிட்டார். ஜனவரியிலிருந்து வலது கை நடுங்குவதால் எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனால் கை நன்றாக இருந்த காலத்திலும் இவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே மிஸ்ஸி, இதை எழுதுவது அவர் மனைவி அஞ்சலை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி, கண்டெய்னர் ஆடாமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை இவருக்கு. நாற்பத்தொரு வருஷம் அந்த வேலை, நாற்பத்தொரு வருஷம் சிகரெட். ஜனவரியில் சின்ன ஸ்ட்ரோக். பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, சிகரெட்டை விடாவிட்டால் அடுத்தது சின்னதாக இருக்காது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு முன் ஏழு முறை விட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் விடுவார். ஒரு தடவை தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு சிகரெட்டை விட்டார். மாலையைக் கழற்றிய அன்றே பத்துமலைப் படிக்கட்டுக்குக் கீழே பற்றவைத்துவிட்டார்.

மார்ச் 5

இந்த முறை வேப், பாட்டரியில் புகைவிடும் சிகரெட். மருமகன் முதலில் பேனாபோல ஒன்று வாங்கித் தந்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "என்னா இது, மிட்டாய்க் கடையா?" என்று தூரப் போட்டுவிட்டார். பிறகு எங்கள் பண்டமாரான் அடுக்குமாடிக்குக் கீழே வேப் கடை வைத்திருக்கும் தேவராஜு வேறொன்று கொடுத்தார். நாமே பஞ்சு வைத்து, நாமே லிக்விட் ஊற்றிக்கொள்ளும் வகை. சிகரெட்போலவே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். மிஸ்ஸியிடம் கேட்டோம். "இதுவும் நல்லதில்ல ஆண்ட்டி. இத வச்சி சிகரெட்ட விடணும், அப்புறம் இதையும் விடணும். அப்படின்னா சரி" என்றார்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மேடை, மேடைமேல் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைவிடச் சின்னதாக ஒரு கம்பிச்சுருள். அதற்குள் பஞ்சை நுழைத்து, இரண்டு வாலையும் கீழே லிக்விட்டுக்குள் இறக்கி விடவேண்டும். பட்டனை அமுக்கினால் கம்பி சுடும், பஞ்சில் உள்ள ஈரம் புகையாகும். இவர் அரைமணி நேரம் முயன்றார். நடுங்கும் கையில் பஞ்சு பிய்ந்து பிய்ந்து வந்தது. கடைசியில் மேசையை ஒரு குத்துக் குத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் இருபத்தாறு வருஷம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கியூசி வேலை பார்த்தவள். கையுறையில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வேலை. இந்தக் கம்பி எனக்குப் பெரிய விஷயமா?

மார்ச் 6

பெரிய விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிக்குத் திரி திரிப்பவளுக்குப் பஞ்சு வைக்கத் தெரியாதா என்ற திமிரில், விரலில் கொஞ்சம் விபூதி தொட்டு, கெட்டியாக, நூல்போல முறுக்கி, கம்பிக்குள் நுழைத்து, லிக்விட் ஊற்றிக் கொடுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. இவர் முதல் இழுப்பு நன்றாக இழுத்தார். இரண்டாவதில் கண் பிதுங்கிவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீடெல்லாம் துணி எரிந்த நாற்றம்.

"என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டையே சொன்னது.

"ஒன்னுதான் அஞ்சல" என்றார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கண்ணில் தண்ணீர்.

மார்ச் 7

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். தேவராஜு நாற்பது வயதுக்காரர். முன்பு வெல்டிங் வேலை செய்தவர், கையில் அதன் தழும்புகள். மூடியைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, இது சாமி வெளக்குத் திரிக்கா!"

"ஆமா. அதுக்கென்னா?"

"வெளக்கு நிதானமா எரியும். எண்ண மெதுவா ஏறுனாப் போதும். இது அப்படியில்லக்கா. ஒரு இழுப்புல அங்க உள்ள ஈரம் அத்தனையும் போயிரும். அடுத்த இழுப்புக்குள்ள புதுசா வந்து நிக்கணும். நீங்க முறுக்கி வழிய அடச்சிட்டா அது எப்படி வரும்? பஞ்சே எரியும். இதத்தான் டிரை ஹிட்டுனு சொல்றது. பெரிய பெரிய ஆளுங்கலாம் ஒரு டிரை ஹிட்டுல சிகரெட்டுக்குத் திரும்பிப் போயிருக்காங்க."

அப்படியானால் சரியாக வைக்கக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

செய்து காட்டினார். பஞ்சை முறுக்கவே கூடாது. தலைமுடியை வாருவதுபோல ஒரே திசையில் நீவவேண்டும். கம்பிக்குள் நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடிக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் குறைவு, கம்பி வளைந்தால் அதிகம். வால்களைச் சீவி மெல்லிசாக்கி, குழிக்குள் திணிக்காமல் சும்மா படுக்கவைக்கவேண்டும். செய்து முடித்து வாலின் நுனியில் ஒரே ஒரு சொட்டு விட்டார்.

"பாருங்கக்கா."

சொட்டு நுனியில் இருந்தது. பிறகு நுனியில் இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அது கம்பிக்கு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்து நின்றது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். தேவராஜு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

மார்ச் 8

மனசு கேட்கவில்லை. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஒரு கிளாசில் ஊற்றி, குறுக்கே கரண்டி வைத்து, இரண்டு பஞ்சைத் தொங்கவிட்டேன். ஒன்று என் விளக்குத் திரி, இன்னொன்று முறுக்காதது. இவரையும் கூப்பிட்டேன்.

"எது முதல்ல மேல வரும், சொல்லுங்க."

"முறுக்கனதுதான். கட்டுனதுதான் பலம். நாப்பது வருசம் கட்டுனவனுக்குத் தெரியாதா?"

முறுக்காத பஞ்சில் சிவப்பு ஏற ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை, மேலே இருந்து யாரும் இழுக்கவும் இல்லை. தண்ணீர் என்றால் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று ஐம்பத்தெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே அது மாடிப்படி ஏறுவதுபோல ஏறுகிறது. கரண்டியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கவும் தொடங்கிவிட்டது. என் திரி இன்னும் பாதிகூட வரவில்லை. எனக்குக் கை முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. எத்தனை வருஷம் திரி போட்டிருக்கிறேன், ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறேனா?

இவர் கிளாசுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவர், காப்பி ஆறியும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 9

முறுக்காமல் வைத்தேன். ஆனால் இவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி கருகினால்? மறுபடி செருப்பை மாட்டினால்?

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு விதி: சோதிக்காத சரக்கு கதவைத் தாண்டக் கூடாது. ஆகவே சமையலறையில் நின்று நானே ஒரு இழுப்பு இழுத்தேன். வாயில் வாங்கி, கன்னத்திலேயே வைத்திருந்து, ஊதிவிட்டேன். உள்ளே போகவில்லை, மிஸ்ஸி கவலைப்பட வேண்டாம். காய்ந்த புல்போல ஒரு ருசி. கருகல் இல்லை. பாஸ்.

இவரும் இழுத்தார். முகம் மாறவில்லை. இன்னொன்று இழுத்தார். "ம்" என்றார். சன்னாசி "ம்" என்றால் மற்றவர்கள் கைதட்டியதற்குச் சமம்.

மார்ச் 10

சிகரெட் இல்லை. நான்காம் நாள்.

மார்ச் 14

எட்டு நாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஏதோ குறைந்தது. என்னவென்று தெரியாமல் படுத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, இவர் இருமவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த இருமல்தான் எனக்கு அலாரம். பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சத்தமே இல்லாமல், குழந்தை மூச்சுப்போல. நான் விரலை எடுக்காமல் வெகு நேரம் இருந்தேன்.

"என்னா, செத்துட்டேனான்னு பாக்குறியா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

மார்ச் 19

பஞ்சு மாற்றும் நாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ருசி சரியாகத் தெரிவதில்லை. கருகல் தொண்டையில்தான் தெரியுமாம். ஆகவே கொஞ்சம் உள்ளே இழுத்துப் பார்த்தேன். தலை லேசாகச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சுக்கு இரண்டு வால் இருக்கிறது. இரண்டுக்கும் ஒவ்வோர் இழுப்பு பார்ப்பதுதான் நியாயம்.

பாஸ்.

மார்ச் 23

மத்தியானம் இவர் பால்கனியில் நின்றுகொண்டு, "கீழ் வீட்டுல நெத்திலி பொரிக்கிறாங்க" என்றார்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எனக்கே அப்போதுதான் வாசனை வந்தது. இந்த மனிதருக்குச் சாம்பார் அடிப்பிடித்தாலும் தெரியாது. கெட்டுப்போன பாலைக் காப்பியில் ஊற்றிக் குடித்தவர். இப்போது மூக்கு திறந்துவிட்டது. சாயங்காலம்வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அலமாரியைத் திறந்து துணியை முகர்ந்தார், மல்லித்தூள் டப்பாவை முகர்ந்தார், சோப்பை முகர்ந்தார். அப்புறம் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"தேங்காண்ண" என்றார்.

"முப்பத்தஞ்சு வருசமா அதத்தான் தேய்க்கிறேன்."

"எனக்கு இன்னைக்குத்தான தெரியுது."

இதை மிஸ்ஸிக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 30

சிரம்பானில் மகள் கோகிலா வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். காலை அவசரத்தில் பஞ்சைப் பார்க்க நேரமில்லை. போனதிலிருந்து எனக்குத் தலைவலி. கோகிலா குழம்பில் உப்பு என்று கத்திவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று காப்பி குடித்தும் வலி நிற்கவில்லை. மூன்று மணிக்கு நானே இவரிடமிருந்து வேப்பை வாங்கி, வாசல் பக்கம் போய்ப் பஞ்சு மாற்றிச் சரிபார்த்துக் கொடுத்தேன். வந்து உட்கார்ந்தபோது தலைவலி போயிருந்தது. பஸ் பயணம் எனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை.

ஏப்ரல் 8

இன்று சூசை அண்ணன் அடக்கம். இவரோடு கப்பலில் முப்பது வருஷம் கட்டுக் கட்டியவர். நுரையீரல். வேறென்ன?

வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பழைய கூட்டாளிகள் இருபது பேர் வட்டமாக நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். சூசை அண்ணன் செத்ததற்கே அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டே ஊதினார்கள். இவர் அவர்கள் நடுவில் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து வேப்பை எடுத்து ஒன்று இழுத்தார். முகம் சுருங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. கருகல். இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தவர் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார், பஞ்சு போய்விட்டது.

பக்கத்தில் நின்றவர் சிகரெட் பாக்கெட்டை நீட்டினார். "சூசைக்காக ஒன்னு அடி, சன்னாசி."

இவர் எடுத்தார்.

நான் பெண்கள் பக்கம் நாற்காலியில் இருந்தேன். அந்தச் சிகரெட் அவர் விரலில் நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நெருப்பு நீட்டியவரைத் தள்ளிக்கொண்டு இவர் நேரே உள்ளே போனார், பெட்டிக்கு. குனிந்து, சூசை அண்ணனுடைய வெள்ளைச் சட்டைப் பையில் அந்தச் சிகரெட்டைச் சொருகினார். கை நடுக்கத்தில் இரண்டு மூன்று தடவை தவறியது. "ஓங்கிட்டயே இருக்கட்டும்டா" என்றார்.

திரும்பி வந்து என்னிடம் வேப்பைக் கொடுத்துவிட்டு, அதே இருபது பேர் நடுவில் போய் நின்றுகொண்டார்.

நான் கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஒரு காரின் பானட்மேல் வைத்து, நகம் வெட்டும் கத்திரியால் பஞ்சு வெட்டினேன். யாரை நான் கட்டியிருக்கிறேன்? முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து இந்த மனிதரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பஞ்சு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஆறு இழுப்பு வேண்டியிருந்தது. அவசரத்தில் செய்ததல்லவா!

ஏப்ரல் 14

புத்தாண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் தேவராஜு கடைக்குள் நுழைந்தோம். லிக்விட்டில் நிக்கோடின் எவ்வளவு என்பதற்கு நம்பர் உண்டு. இவர் இப்போது பன்னிரண்டு.

"ஆறு நம்பர் குடு தேவராஜு. எறங்கிப் பாக்குறேன்" என்றார் இவர்.

"இப்ப வேணாம்" என்று நான் சொல்லிவிட்டேன். "சூசை அண்ணன் போயி ஒரு வாரம்கூட ஆகல. அவசரப்பட்டு எறக்கி, அப்புறம் தாங்காம சிகரெட்டுக்குப் போனா? பன்னெண்டே இருக்கட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். தேவராஜுவும் பார்த்தார். அக்கறையோடு ஒன்று சொன்னால் ஆம்பிளைகளுக்கு அது புரிவதில்லை.

ஏப்ரல் 27

முன்பெல்லாம் நாலு நாளைக்கு ஒருமுறை பஞ்சு மாற்றினால் போதும். இப்போது தினம் மாற்றவேண்டியிருக்கிறது. பஞ்சு மட்டமாக வருகிறதுபோல. காலை ஆறரைக்கு, இவர் எழுந்திருக்கும் முன்பு, சமையலறை ஜன்னலோரம் நின்று செய்கிறேன். அந்த நேரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் பனியில் கழுத்து மட்டும் தெரிய நிற்கும். நான் ஊதும் வெள்ளை அந்தப் பனியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நாளின் நல்ல நேரம் அதுதான்.

மே 9

தேவராஜு, "லிக்விட் சீக்கிரம் முடியுதேக்கா. அண்ணன் நல்லா இழுக்கறாருபோல" என்றார். வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். இதையும் விடவேண்டும் என்று மிஸ்ஸி சொன்னது ஞாபகம் இருக்கிறதா, ஜூன் பத்துக்கு எந்த முகத்தோடு போவது, மனிதருக்கு ஒரு அளவு வேண்டாமா என்று நன்றாகக் கொடுத்தேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டு, "சரி" என்றார்.

மே 20

இவருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. காலையில் பஞ்சு வைத்து, சரிபார்த்து, துடைத்துக் கையில் கொடுக்கிறேன். ஜன்னலோரம் வைத்துவிட்டு நடக்கப் போய்விடுகிறார். சட்டைப் பை நிறைய வறுத்த கடலை. போகிற வழியெல்லாம் கொறித்துக்கொண்டு போகிறாராம். வேப்பை யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று நான் என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பசாருக்குப் போகும்போதும் அங்கேயே இருந்துவிடுகிறது.

ஜூன் 1

லிஃப்ட் கெட்டுவிட்டது. நாலு மாடி. ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இவரை இதே படியில் ஏற்றினார்கள். இன்று அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். மூன்றாவது மாடியில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலே இருந்து எட்டிப் பார்த்து, "என்னா அஞ்சல, மூச்சு வாங்குது?" என்றார். கேலி இல்லை. முகம் ஒருமாதிரி இருந்தது. மூட்டையை வைத்துவிட்டு மறுபடி இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

தண்ணீர் தானாக மேலே ஏறியதைப் பார்த்து அன்றைக்கு வாயைப் பிளந்தேனே, அதெல்லாம் இந்த மனிதருக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஜூன் 5

தொண்ணூற்று ஒன்றாம் நாள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் வேப்பைக் கையில் எடுத்தால் லேசாகக் கருகல் வாடை. இவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஞ்சு கருகியிருக்கே, சொல்ல மாட்டீங்களா? இத இழுத்து நெஞ்சு என்னாவுறது?"

பேப்பரை மடித்தார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அதத் தொட்டுப் பத்தொம்பது நாளாச்சி."

"என்னா?"

"பத்தொம்பது நாளு. சிகரெட்டும் இல்ல, இதுவும் இல்ல."

எனக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஏறியதும் சிரித்தேன். அழுதேன். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊரையே கூட்டிச் சொல்கிற மனிதர், இந்த முறை எட்டிப் பார்க்கிற காக்காய்க்குக்கூடச் சொல்லாமல் செய்து முடித்திருக்கிறார். கோகிலாவுக்குப் போன் போட எழுந்தேன். போன் மேசைமேல் இருந்தது. பக்கத்தில் வேப் இருந்தது.

காலை ஆறரைக்கு நான்தான் லிக்விட் ஊற்றினேன். விளிம்புவரை ஊற்றினேன். இப்போது பாதி இருக்கிறது.

நேற்றும் ஊற்றினேன். முந்தாநாளும்.

போனை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 6

காலையில் பஞ்சு மாற்றவில்லை. எட்டு மணிக்குத் தலைவலி. பத்து மணிக்குக் கை ஆடியது. பதினொன்றரைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தேன். சோதனைக்கு என்று எழுத இன்று கை வரவில்லை.

வெளியே வந்தபோது இவர் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"புத்தாண்டு அன்னைக்கி. பன்னெண்டே இருக்கட்டும்னியே."

"அப்பவே ஏன் சொல்லல?"

தரையைப் பார்த்தார். "எப்படிச் சொல்றது? தெனம் காலையில நீ அந்தப் பஞ்ச நீவி நீவி வைக்கிறத நான் படுத்துக்கிட்டே பாப்பேன். எனக்காவத்தான. ஒனக்கு இழுக்கற பழக்கம் வந்துருச்சின்னு எந்த வாயால சொல்லுவேன்? நான் விட்டா நீயும் விட்டுருவன்னு நெனச்சேன். அதான் விட்டேன். நீ விடல."

"நான் சும்மா சரி பாக்கத்தான்..."

"தெரியும்லா." ஸ்டூலைவிட்டு எழுந்தார். "முப்பத்தஞ்சு வருசம் ஓம் மூஞ்சிக்கு நேரா ஊதியிருக்கேன். அப்பக்கூட ஒனக்கு ஒட்டல. இந்த மூணு மாசத்துல ஒட்ட வச்சிட்டேன். எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

சண்டை போடலாம் என்று பார்த்தேன். எதைச் சொல்லிப் போடுவது? வழியே இல்லாததால் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். எனக்காகத்தான் விட்டாராம். அவருக்காகத்தான் நான் தொட்டேன். இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

ஜூன் 9

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். வாய் விட்டுச் சிரிக்கவேண்டியிருந்தது. தலைவலிக்குப் பஸ் காரணமாம். பஞ்சு மட்டமாம். இரண்டு வாலுக்கும் ஒவ்வோர் இழுப்பாம். கையுறையில் ஊசிமுனை ஓட்டையையும் விடாதவள் எழுதியதா இது?

சில பக்கங்களைக் கிழித்துவிட்டு, சன்னாசியின் நல்ல நாட்களை மட்டும் மிஸ்ஸிக்குக் கொடுக்கலாம் என்று கத்திரியை எடுத்தேன். நெத்திலி நாளுக்குப் பின்பக்கம்தான் தலைவலி நாள் இருந்தது. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். கத்திரியை வைத்துவிட்டேன்.

ஜூன் 10

கிளினிக்.

மிஸ்ஸியின் மேசைக்கு முன்னால் நோயாளிக்கு ஒரு நாற்காலி. துணைக்கு வருபவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. நான் வழக்கம்போலப் பெஞ்சுக்குப் போனேன். இவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீ உக்காரு."

மிஸ்ஸி சிரித்தார். "அங்கிள், நீங்கதான் பேஷண்ட்டு. நீங்க உக்காருங்க."

"நான் தொணைக்கி வந்தவன், மிஸ்ஸி" என்றார் சன்னாசி. போய்ப் பெஞ்சில் உட்காரவும் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மிஸ்ஸி நோட்டை வாங்கிப் படித்தார். வெளியே நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. இடையில் ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை. மூடித் திருப்பித் தந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆண்ட்டி, கடைசியா எப்ப இழுத்தீங்க?"

பஞ்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னைக்கி ஏழு மணிக்கி" என்றேன். "எனக்கு வேணும்போல இருந்துச்சி, இழுத்தேன்."

என் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. மிஸ்ஸி ஒரு புது அட்டையை எடுத்து, மேலே எழுத என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.